முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது கடலையும் பதினேழு பட்டாணியும்

செம்பவாங்,
வியாழக்கிழமை மதியம்.

அன்பு மகள் மோகனப்பிரியாவுக்கு அப்பா வேலாயுதம் எழுதிக்கொண்டது. இங்கே நானும், உன் அம்மாவும், போன வாரம் பழுது பார்த்த லிஃப்டும் சௌக்கியமாக இருக்கிறோம். அங்கே வெலிங்டனில் நீயும் மாப்பிள்ளை ஸ்ரீராமும் சளி இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா, உங்கள் ஊர்க் காற்று இன்னும் ஆளைத் தள்ளிக்கொண்டுதான் போகிறதா என்று எழுது. ஃபோன் இருக்கும்போது அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். காரணம் உன் அம்மாவின் காது. ஜூன் மாதம் நீ, நாங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்மா, பிள்ளை வேண்டாம் என்று சொன்னதும், அப்படின்னா இனிமே எனக்கு ஃபோன் பண்ணாதே என்று சொல்லிவிட்டு வைத்தாளே, அன்றிலிருந்து நாலு மாதம் ஆகிறது, ஒரு வார்த்தை உன்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ என் ஃபோனுக்கு அழைக்கும்போதெல்லாம் அடுப்படிக்குப் போய்விடுகிறாள். போனவள் பாத்திரம் கழுவவாவது செய்ய வேண்டாமா, குழாயை மூடிவிட்டு நிற்கிறாள். நாம் பேசுவது அத்தனையும் அவளுக்குக் கேட்கிறது. அதனால் நான் சொல்ல வேண்டியதை ஃபோனில் சொல்ல வழியில்லை.

முதலில் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். உன் கம்பெனி செய்கிற விளையாட்டில் இருக்கிற எல்ஃப் ஜனங்கள், அதாவது கூர்க்காதுக்காரர்கள், ஆயிரம் வருஷம் உயிரோடு இருக்கிறார்கள், மனிதன் எழுபத்தைந்தில் போய்விடுகிறான், அப்படியென்றால் இத்தனை காலத்தில் உலகம் முழுக்க எல்ஃபாகத்தானே இருக்க வேண்டும், மனிதர்கள் எப்படி அதிகமானார்கள், உங்கள் விளையாட்டு சுத்தப் பொய் என்று விளையாடுகிறவர்கள் கேட்கிறார்கள் என்றாய். மேலாளருக்கு மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். என்னைக் கேட்டது சரியான காரியம். நியூசிலாந்தில் ஒரு தேசத்தையே என் மகள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள் என்று நான் ஏற்கெனவே தேக்கா மார்க்கெட்டில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். அது கம்ப்யூட்டருக்குள் இருக்கிற தேசம் என்கிற சின்ன விவரத்தை மட்டும் விட்டுவிட்டேன், யாரும் கேட்கவில்லை.

மக்கள்தொகை விஷயத்தில் அப்பாவுக்கு இருக்கிற அனுபவம் உனக்குத் தெரியும். தொண்ணூறாம் வருஷக் கணக்கெடுப்பில் பூன் லேயில் மூன்று புளோக் என் கையால் எண்ணப்பட்டவை. கப்பல் பட்டறையில் லீவு போட்டுவிட்டு மூன்று வாரம் படி ஏறி இறங்கினேன். அதற்குப் பிறகு பூன் லே பக்கம் கணக்கில் ஒரு ஆள் குறைந்தது என்று யாரும் சொன்னதில்லை. அங்கே ஒரு வீட்டில் நாலு பேர், அந்த அம்மா வயிற்றைத் தடவிக்கொண்டு, அஞ்சுன்னு போட்டுக்குங்க தம்பி, ஐப்பசியில வந்துடும் என்றார். நானும் நல்ல மனசோடு ஐந்து என்று எழுதி, பெயர்க் கட்டத்தில் முருகன் அருள் என்றும் போட்டுவிட்டேன். மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். வேலாயுதம், வராத ஆளை எழுதாதீங்க, இருக்கற ஆளை விட்டுடாதீங்க, இந்த வேலை அவ்வளவுதான் என்றார். இதைச் சொல்லிவிட்டு எனக்குக் கை கொடுத்தார் என்று உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருப்பேன். கை கொடுத்தது உண்மை, அந்தக் கையில் படிவம் இருந்தது, மறுபடி பஸ் ஏறிப் போய்த் திருத்திவிட்டு வந்தேன்.

உன் கேள்வியை நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே வழக்கமான மேசையில் வைத்தேன். என் அரட்டைக் கூட்டாளி நூருல் அமீன் இருந்தார், இரண்டாம் மாடி பூவம்மா இருந்தாள். அமீன் முதலில் அவர்கள் ஜின் பூதங்களா என்று விசாரித்தார். ஜின் இல்லை லா, நம்மைப் போலத்தான், காது மட்டும் கூர், வயது மட்டும் நீளம் என்றேன். உடனே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அது வீட்டுப் பிரச்சினை அண்ணே என்றார். அரசாங்கம் விற்கிற வீவக வீட்டுக்குத் தொண்ணூற்றொன்பது வருஷம்தான் குத்தகை, எல்ஃப் பையனுக்கு மீசை முளைப்பதற்குள் அது முடிந்துவிடும். அப்பன் சாகமாட்டான், தாத்தா சாகமாட்டார், பத்துத் தலைமுறை கூடத்தில் உட்கார்ந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தால் புது ஜோடிக்கு அறை ஏது என்கிறார். பூவம்மா அதெல்லாம் இல்லை என்றாள். ஆயிர வருஷத்துக்கு ஒரே மாமியார்னா எவ பெத்துப்பா, மொதநாளே ஓடிடுவா என்றாள். அவள் மாமியார் தொண்ணூற்றாறு வயது வரை இருந்தவர், அந்த அனுபவத்தை யாரும் மறுக்க முடியாது.

நான் சும்மா இருப்பேனா, ஜாதகத்தை எடுத்தேன். நம் ஆளுக்கு வாழ்நாளில் ஏழரைச் சனி இரண்டு முறை வரும், மிஞ்சினால் மூன்று. ஆயிரம் வருஷம் இருப்பவனுக்கு முப்பத்து மூன்று முறை, அதாவது கிட்டத்தட்ட இருநூற்று ஐம்பது வருஷம் சனி. பெண்ணுக்கும் அதே அளவு. இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் சனி இல்லாத காலம் பார்த்து, அதில் குருபலம் பார்த்து, அதில் ஆடி மார்கழியைக் கழித்தால் என்ன மிஞ்சும். போதாததற்குப் பத்துத் தலைமுறைப் பங்காளிகளும் உயிரோடு இருப்பதால் எவன் வீட்டிலாவது பிள்ளை பிறந்து பத்து நாள் தீட்டு, முகூர்த்தம் தள்ளிக்கொண்டே போகும் என்றேன். பூவம்மா என்னைப் பார்த்து, பொறக்கவே இல்லைன்னுதானே அண்ணே பேச்சு, அப்புறம் ஏது தீட்டு என்றாள். அமீன் கோப்பியைத் துப்பிவிட்டார். ஜோசியத்தை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

வாய்ப்பேச்சு உதவாது, எண்ணிப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன். சனிக்கிழமை தேக்காவுக்குப் போய் வறுத்த கொண்டைக்கடலை ஒரு பை, காய்ந்த பச்சைப் பட்டாணி ஒரு சின்னப் பொட்டலம் வாங்கி வந்தேன். கீழே சதுரங்கக் கட்டம் போட்ட கல் மேசை இருக்கிறதே, ஒரு பக்கம் மனிதர், எட்டுக் கடலை. எதிர்ப்பக்கம் எல்ஃப், எட்டுப் பட்டாணி. ஒரு சுற்றுக்கு இருபத்தைந்து வருஷம். இரண்டு சாதிக்கும் ஜோடிக்கு மூன்று பிள்ளை, பாரபட்சம் கிடையாது. மனிதன் இருபத்தைந்தில் பெறுவான், எழுபத்தைந்தில் போவான். எல்ஃப், நீ அனுப்பிய குறிப்பில் இருந்தபடி, இருநூறு வயதில்தான் பெறும், சாகாது. மனிதரைப் பூவம்மா எடுத்துக்கொண்டாள். எல்ஃபை எடுக்க ஆள் இல்லை, எட்டாவது சுற்று வரை சும்மா உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை. அந்த நேரம் பார்த்து உன் அம்மா என்னைச் சாப்பிடக் கூப்பிட இறங்கி வந்தாள். பூவம்மா அவள் கையைப் பிடித்து இழுத்து, சிவகாமசுந்தரி அக்கா, இந்தப் பட்டாணியைக் கொஞ்சம் பார்த்துக்குங்க என்று உட்கார வைத்துவிட்டாள். இது என்ன கூத்து என்று அவள் கேட்கவில்லை. உன் வேலை விஷயம் என்று நான் சொல்லவும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது. எட்டுக்குப் பன்னிரண்டு பிறந்தது, பன்னிரண்டுக்குப் பதினெட்டு, அடுத்து இருபத்தேழு, ஜோடி சேராத ஒன்றை விட்டு முப்பத்தொன்பது என்று பூவம்மா கொட்டிக்கொண்டே போகிறாள். மூன்று சுற்று முடிந்த கடலை செத்ததாகக் கணக்கு, செத்ததை எங்கே போடுவது என்று கேட்டாள், அமீன் கையை நீட்டினார். அதன் பிறகு மனித குலத்தின் முன்னோர்கள் அத்தனை பேரும் அவர் வாய்க்குள் போனார்கள். கட்டம் நிறைந்து, மேசை நிறைந்து, கடலை தரையில் உருண்டது. எதிரே உன் அம்மா எட்டுப் பட்டாணியோடு உட்கார்ந்திருந்தாள். செய்ய வேலை இல்லாததால் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்று சுருக்கம் விழுந்தது, ஒன்றுக்கு மூக்கில் கறுப்புப் புள்ளி, இரண்டு ஒன்றோடொன்று ஒட்டியபடியே பையிலிருந்து வந்தவை. இந்தப் பக்கம் எது யார் பிள்ளை என்று பூவம்மாவுக்கே தெரியாது. அந்தப் பக்கம் எட்டும் அவளுக்கு முகம் பழகிவிட்டது.

எட்டாவது சுற்றில் எல்ஃப் பெற வேண்டிய நேரம் வந்தது. நான் உன் குறிப்பைக் கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தேன். அதில் கடைசி வரியை நான் முன்பே பார்க்கவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். எல்ஃப்களில் நாலு ஜோடிக்கு ஒரு ஜோடி பிள்ளை பெறுவதில்லை என்று எழுதியிருந்தாய். படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தேன் என்று எனக்கே உறைத்தது. உன் அம்மா, இது யார் எழுதினது என்று கேட்டாள். உன் மகள் என்றேன். அவள் பட்டாணிப் பொட்டலத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். மூன்று ஜோடிக்கு மும்மூன்று பட்டாணி வைத்தாள். அந்த ஒட்டிக்கொண்ட இரண்டுக்கு முன்னால் ஒன்றும் வைக்கவில்லை. அமீன் கூட மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

பூவம்மாவுக்கு நம் வீட்டு விஷயம் தெரியாது, பாவம். கூட்டிச் சொல்லும் அவசரத்தில், இந்த ரெண்டும் கணக்குல வராது, எதுக்கு எடத்தை அடைச்சுக்கிட்டு என்று அந்த ஜோடியை ஒதுக்கக் கையை நீட்டினாள். உன் அம்மா அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"கைய எடு பூவம்மா. பிள்ளை இல்லேன்னா ஆளே இல்லேன்னு ஆயிடுமா? அது இருக்குல்ல. இருக்கறத எண்ணு."

பூவம்மா பதினைந்து என்கிறாள், உன் அம்மா பதினேழு என்கிறாள். தீர்ப்புக்கு என்னைப் பார்த்தார்கள். நான் முப்பத்தைந்து வருஷ அனுபவம் உள்ளவன், எழுந்து நின்று பதினேழு என்று அறிவித்தேன். மனிதர் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. நானூறாவது ஆளை அமீன் தின்றுவிட்டார் என்று எனக்குச் சந்தேகம், அவர் மறுக்கிறார். தேக்காவில் கேட்டவர்களிடம் நாலாயிரம் என்று சொல்லியிருக்கிறேன், நீ உன் மேலாளருக்குச் சரியான எண்ணையே கொடு. விஷயம் இதுதான் மகளே, இரண்டு பக்கமும் ஜோடிக்கு மூன்றுதான், எல்ஃப் ஒருத்தர் கூடச் சாகவும் இல்லை, அப்படியும் இருநூறு வருஷத்தில் இவ்வளவு வித்தியாசம். எத்தனை வருஷம் இருக்கிறார்கள் என்பதில் ஒன்றும் இல்லை, முதல் பிள்ளைக்கு எத்தனை வருஷம் காத்திருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த விடுபட்ட ஜோடிக்கும் மூன்று போட்டால் கூட இருபதுதான் ஆகும். இதை நான் கண்டுபிடித்ததாகவே உன் விளையாட்டில் போட்டுக்கொள்ளலாம், பெயரை இனிஷியலோடு போடச் சொல்.

மாடிக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தோம். மோர் ஊற்றும்போது உன் அம்மா, அவ கேட்டதுக்குப் பதில் எழுதிட்டீங்களா என்றாள். நான் எழுதுகிறேன் என்றேன். அவ்வளவுதான். இதை வைத்து அவள் மனம் மாறிவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொன்னால் அது பூன் லே ஐந்தாவது ஆள் மாதிரி ஆகிவிடும். வருத்தம் அவளுக்கு இருக்கிறது. பேரப்பிள்ளைக்கென்று பீரோவில் மடித்து வைத்த துணி அப்படியே இருக்கிறது, எனக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். எனக்கும் வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் வராத ஆளை எழுதிக்கொண்டு இருக்கிற ஆளை நாலு மாதமாக விட்டுவிட்டோம் என்று எனக்கு அந்தக் கல் மேசையில் தோன்றியது. அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும், அந்தப் பூன் லே கதையை ஆயிரம் தடவை கேட்டவள்.

அதனால் அப்பா சொல்கிறபடி செய். இந்தக் கடிதம் கிடைத்த பிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை, நம் நேரம் காலை பத்து மணிக்கு, என் ஃபோனுக்கு அழைக்காதே, வீட்டு ஃபோனுக்கு அழை. நான் கீழே மேசையில் இருப்பேன், எடுப்பதற்கு அவளைத் தவிர ஆள் இருக்காது. எடுத்தால் ஜூன் மாதத்துப் பேச்சை நீயாக எடுக்காதே. மன்னிப்பும் கேட்காதே, அவளும் கேட்கமாட்டாள். பட்டாணி எத்தனை என்று கேள், மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள். மாப்பிள்ளையிடம் எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைக்கச் சொல்லு, வேலை வேலை என்று கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ, உனக்குக் கூர்க்காது இல்லை. என் கடிதம் முடிகிற இடத்தில் வழக்கமாக, சீக்கிரம் ஒரு நல்ல சேதி சொல்லு என்று ஒரு வரி எழுதுவேன், உனக்கே தெரியும். இந்தத் தடவை அந்த வரிக்குத் தாளில் இடம் போதவில்லை. நீங்கள் இரண்டு பேரும் முருகன் துணையில் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் சேர்ந்து இருக்க வேண்டும். எல்ஃப் அளவுக்கு வேண்டாம், சனி தொல்லை அதிகம்.

இப்படிக்கு,
உன்னை எப்போதும் எண்ணிக்கையில் சேர்க்கும் அப்பா,
செ. வேலாயுதம்.

பின்குறிப்பு: உறை வாங்கக் கீழே போய்விட்டு வருவதற்குள் இந்தக் கடிதத்தை யாரோ படித்திருக்கிறார்கள். வீட்டில் வேறு யார். நீல மையில் இரண்டு இடம் திருத்தியிருக்கிறது, நான் அழிக்காமல் அப்படியே அனுப்புகிறேன். பூன் லேயில் மூன்று புளோக் என்பதை அடித்து இரண்டு என்று போட்டிருக்கிறாள், அதை நீ பொருட்படுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்பதை அடித்து, எண்ணெய்க் குளியல், பத்தரை என்று எழுதியிருக்கிறாள்.