யார் கழற்றியது என்று எழுதவில்லை

லா பாஸ், இலோயிலோ
9 ஆகஸ்ட் 1994, செவ்வாய்

அன்புள்ள ஆர்னெலுக்கு,

உன் மெர்லிண்டா எழுதுவது. நானும் லிவியாவும் நலம். உன் கப்பல் சிங்கப்பூர்ப் பட்டறையை விட்டு இன்னும் கிளம்பவில்லை என்று ஏஜென்சியில் சொன்னார்கள். நாளைக்கு உங்கள் கப்பலுக்குப் புதுச் சமையல்காரராகப் போகிற பெலாஸ்கோவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் ஏஜென்சி போனைச் சுற்றி எப்போதும் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இது அவர்கள் கேட்கிற விஷயம் இல்லை. படித்து முடிக்கும் வரைக்கும் கோபப்படாதே. முடித்த பிறகு உன் இஷ்டம்.

லிவியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அப்பா வருவதற்குள் முளைத்துவிடுமா என்று தினமும் கண்ணாடி முன்னால் நிற்கிறாள். சமையலறைக் கூரை ஒழுகுகிறது. தார் பூசித் தருகிறேன் என்று உன் தம்பி வந்தான். இரண்டு கிண்ணம் பச்சோய் நூடுல்ஸ் சூப் குடித்துவிட்டு, மழை விடட்டும் என்று போய்விட்டான். மழையும் விடவில்லை, அவனும் வரவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் மனாங் நெனிட்டா நம் வீட்டுக்கு வந்தாள். உன் எஞ்சின் அறையில் எந்திரங்களுக்கு எண்ணெய் போடும் ஆயிலராக இருந்த மனோங் சிரிலோவின் மனைவிதான், நம் தெருவே அக்கா, அண்ணன் என்று மனாங், மனோங் போட்டுக் கூப்பிடுகிற ஜோடி. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்திருந்தாள். மனோங்குக்கு வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருக்கிறார்கள். இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. மூன்றாவதைப் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறாராம் டாக்டர். கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. "டீச்சர், இந்தத் தெருவுல கப்பல் இங்கிலீஷ் தெரிஞ்சவங்க நீங்கதான். எதையும் மறைக்காம சொல்லுங்க" என்று என் கையில் கொடுத்தாள். காபி கலந்து வைத்தேன், அவள் தொடவில்லை.

படித்தேன். நீராவிக் குழாய் வால்வில் தொங்கிய எச்சரிக்கை அட்டை, வாஸ் டேக்கன் ஆஃப். கழற்றப்பட்டது. வால்வு, வாஸ் டர்ன்ட் ஆன். திறந்துவிடப்பட்டது. அந்தக் குழாயில் வேலை செய்துகொண்டிருந்த ஆயிலருக்குக் காயம் ஏற்பட்டது. அவ்வளவுதான். யார் கழற்றியது என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். திறந்தது யார் என்று கேட்டாள். அதுவும் எழுதவில்லை என்றேன். "அப்ப அட்டைக்குக் கால் முளைச்சு அதுவா இறங்கிப் போச்சா?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவளே சொன்னாள். "அட்டையில அவர் பேரைத்தானே எழுதி மாட்டுவாரு. மாட்டுனவர்தான் கழட்டணும், கேப்டனே ஆனாலும் வேற ஆள் தொடக்கூடாதுன்னு எத்தனை வருஷமா சொல்லிட்டு இருக்காரு. வேற யார் பேரும் எழுதலைன்னா, இவரேதான் கழட்டியிருப்பாரு." கம்பெனியில் இதைப் படிக்கிற எவரும் அப்படித்தான் படிப்பார்கள், ஆர்னெல். கப்பலில் வேலை செய்தவனுக்கு வேறு எப்படிப் படிக்கத் தெரியும்? வெள்ளிக்கிழமை கம்பெனியின் விசாரணை அதிகாரி கப்பலுக்கு வந்து வாக்குமூலங்களை முடித்துக்கொள்வார் என்றும், ஆயிலரின் சொந்தக் கவனக்குறைவு என்று தீர்மானமானால் சிகிச்சைக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்றும் கடைசியில் போட்டிருந்தது. அதையும் அவளுக்குச் சொன்னேன். சொல்லாமல் விடத் தைரியம் இல்லை.

கம்பெனி அப்படியே எடுத்துப் போட்டிருக்கும் அந்த இரண்டு வாக்கியங்களையும் எழுதியது யார் என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போன மாதம் உன் வாக்குமூலத்தை என் மாலுமிப் பள்ளிக்கூடத்துக்கு பேக்ஸில் அனுப்பி, இங்கிலீஷைச் சரிசெய்து தா என்றாய். அதில் நீ என்ன எழுதியிருந்தாய் என்று எனக்கு மனப்பாடம். சீஃப் எஞ்சினியர் நீராவி வேண்டும் என்று கத்திக்கொண்டே இருந்தார். சிரிலோவை டீ மேசைப் பக்கம் பார்த்தேன், வேலை முடிந்தது என்று நினைத்தேன். சிரிலோவின் அட்டையை நான் கழற்றினேன். நான் திறந்தேன். அவன் திரும்ப உள்ளே போனதை நான் பார்க்கவில்லை. வாக்கியத்துக்கு வாக்கியம் தப்பு. ஆனால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும்.

சிவப்புப் பேனாவை எடுத்தவள் நான். பன்னிரண்டு வருடமாக மாலுமிகளுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன். அறிக்கையில் நான், நீ, அவன் எல்லாம் வேண்டாம், நடந்ததை மட்டும் எழுது என்பேன். பயிற்சி, வாஸ் கால்ட் ஆஃப். படகு, வாஸ் லெட் டவுன். எஞ்சின், வாஸ் ஷட் டவுன். கடைசியில் வருகிற அந்தச் சின்னச் சொல்லை விட்டுவிடுவார்கள். தீ வாஸ் புட் என்று எழுதி, அவுட்டை மறந்துவிடுவான் ஒருவன். "எங்கேப்பா வச்சே தீயை? பைக்குள்ளயா?" என்று கேட்பேன், வகுப்பே சிரிக்கும். நீயும் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சிரித்தவன்தானே. தீ அணைக்கப்பட்டது என்றால் யார் அணைத்தால் என்ன, அணைந்தது போதும். அங்கெல்லாம் பேர் இல்லாததால் யாருக்கும் நஷ்டமில்லை.

பழக்கதோஷத்தில் திருத்திவிட்டேன் என்று இரண்டு நாளாக எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். உன் 'நான்' மேல் கோடு போடுவதற்கு முன்னால் பேனா நின்றது. அடுத்த மாதம் உனக்கு செகண்ட் எஞ்சினியர் பதவி வரப்போகிறது என்பது நினைவுக்கு வந்தது. உன் லைசென்ஸ் போய்விடுமோ என்று பயந்தேன். அப்புறம் போட்டேன். சீஃப் கத்தியதையும் சேர்த்து எடுத்துவிட்டேன். நீயும் அதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டாய். ஏன் இதை எடுத்தாய் என்று நீ கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு நான் மனதுக்குள் நன்றி சொன்னேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நேற்று வகுப்பு முடிந்ததும் மாம்பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனோங் இளைத்துப் பாதியாகிவிட்டார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். கம்பெனிக் கடிதத்தைப் பற்றி அவராகவே பேச்செடுத்தார். "நான்தான் கழட்டியிருப்பேன் போல, டீச்சர். எனக்கு ஒண்ணும் ஞாபகம் வரல. மருந்து குடுத்துக் குடுத்துத் தலையெல்லாம் மந்தமா இருக்கு. அவ்வளவு பெரிய கம்பெனி சும்மாவா எழுதுவான்" என்றார். உன்னைப் பற்றியும் சொன்னார். "ஆர்னெல் சார் இல்லன்னா நான் அங்கேயே முடிஞ்சிருப்பேன். என்னைத் தோள்ல போட்டுக்கிட்டு நாலு ஏணி ஏறினாரு. என்னால அவர் பேருக்கு ஒண்ணும் வந்துடக்கூடாது" என்றார். நான் பழத்தை நறுக்கிக்கொண்டே இருந்தேன். தலை நிமிரவே இல்லை.

வெளியே தாழ்வாரத்தில் மனாங் என்னை நிறுத்தினாள். கையில் புதிதாக வாங்கிய கோடு போட்ட தாள் பத்து வைத்திருந்தாள். கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதித் தரவேண்டுமாம். "தப்பு எங்க பேர்லதான்னு ஒத்துக்கிட்டா மனசு எரங்குவாங்க. இனிமே ஜாக்கிரதையா இருப்பாருன்னு எழுதுங்க. நீங்க எழுதினா அழகா இருக்கும், டீச்சர்" என்றாள். சனிக்கிழமை காலையில் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றாள். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். லிவியா பயந்துபோய்ப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

ஆர்னெல், வெள்ளிக்கிழமை அந்த அதிகாரி வரும்போது நீ முதலில் எழுதியதைச் சொல். இங்கிலீஷ் தப்பாக இருந்தால் இருக்கட்டும். ஏன் மாற்றினாய் என்று கேட்டால் என் பேரைச் சொல், என் பெண்டாட்டி டீச்சர், அவள்தான் கோடு போட்டு அடித்தாள் என்று சொல். பள்ளிக்கூடத்தில் என்னை வைத்துக்கொண்டாலும் சரி, அனுப்பினாலும் சரி. சீஃப் கத்தியதையும் விடாமல் சொல். மொத்தப் பழியையும் நீ தலையில் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பதவி கிடைக்காமல் போகலாம். லைசென்ஸும் போகலாம். இதை எழுதவே மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். ஆனால் தன் விரல்களைத் தானே பொசுக்கிக்கொண்டதாக அந்த மனுஷன் நம்பத் தொடங்கிவிட்டார். அதோடு நாம் இந்தத் தெருவில் எப்படி இருப்பது?

உன் பேக்ஸ் தாள் வெளிறிக்கொண்டே வருகிறது. அதனால் நீ எழுதியதை அப்படியே, தப்புகளோடு, கையால் நகல் எடுத்திருக்கிறேன். ஒன்று இத்துடன் இருக்கிறது. இன்னொன்று என்னிடம். அதிகாரியிடம் சொன்னதை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பு, வெள்ளி மாலை ஐந்து மணி வரை பள்ளிக்கூட பேக்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

சனிக்கிழமை மனாங் வரும்போது மன்னிப்புக் கடிதம் இருக்காது. உன்னிடமிருந்து வந்த தாள் இருந்தால் அதைப் படித்துக் காட்டுவேன். வராவிட்டால் என்னிடம் இருக்கும் நகலை எடுக்க வேண்டியிருக்கும். என்னை அதை எடுக்க வைக்காதே. அவளுக்கு அதைச் சொல்லவேண்டியவன் நீ.

சாப்பாட்டை வேளைக்குச் சாப்பிடு. மாதா உன்னையும் உன் இரண்டு கைகளையும் காப்பாற்றட்டும்.

என்ன ஆனாலும் உன்னுடையவளான,
மெர்லிண்டா