பூட்டிய அறையில் வார்மர், பணியிடை நீக்கத்தில் செவிலியர்

அனுப்புநர்:
செயலாளர், தாய்சேய் நல உதவிச் சங்கம்
(வெளிநாட்டில் பேருந்து ஓட்டுநர், தற்போது தங்கை வீட்டில்)

பெறுநர்:
மாவட்டச் சுகாதார அதிகாரி அவர்கள்

பொருள்: பச்சிளங்குழந்தைகளுக்கான வார்மர் திறப்பு விழாவுக்காகப் பூட்டி வைக்கப்பட்டது குறித்தும், பூட்டை உடைத்த செவிலியரின் பணியிடை நீக்கத்தை ரத்து செய்யக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தங்கையின் முதல் குழந்தை எங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்தில் பிறந்து, உடம்பு சில்லிட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்தது. வெளிநாட்டில், பேருந்துப் பணிமனை ஓய்வறையில் நான் அழுததைப் பார்த்த நம் ஊர்ப்பக்கத்தவர்கள், "அழுதது போதும்ப்பா, ஏதாவது செய்வோம்" என்றார்கள். அப்படிப் பிறந்ததுதான் எங்கள் சங்கம். சலவைக்கூடத் தொழிலாளி, ஹோட்டலில் பாத்திரம் கழுவுபவர், ஒரு பல் மருத்துவர் என எல்லாரும் சேர்ந்து, பிறந்த குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் ஒன்றை அதே நிலையத்துக்கு அனுப்பினோம்.

2. விடுமுறையில் வந்த நான், திங்கட்கிழமை காலை அதைப் பார்க்கப் போனேன். பிரசவ அறையில் அது இல்லை. பக்கத்து அறை பூட்டிக் கிடந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், குறுக்கே சிவப்பு ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள். வந்து மாதக்கணக்கில் ஆகிறது, ஐயா. நிலைய நிர்வாகி, "பெரியவங்க வந்து ரிப்பன் வெட்டணும் சார். மேடையில உங்களுக்கும் நாற்காலி உண்டு" என்று, நல்ல சேதி சொல்பவரைப் போலச் சிரித்தார்.

3. பேசிக்கொண்டிருக்கும்போதே செவிலியர் ஓடி வந்தார். குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை. துணியில் சுற்றியும், தாயின் மார்போடு அணைத்துப் போட்டும் உடம்பில் சூடு ஏறவில்லை. "சார், சாவியைக் குடுங்க" என்றார். "மேலிடத்துல கேட்காம எப்படிம்மா?" என்று நிர்வாகி போனை எடுத்தார். மறுமுனையில் யாரும் எடுக்கவில்லை. மறுபடியும் அதே எண்ணை அழுத்தினார்.

செவிலியர் ஆக்சிஜன் சிலிண்டர் திறக்கும் ஸ்பேனரால் பூட்டை அடித்து உடைத்தார். ரிப்பனை அறுத்தது நான்.

4. குழந்தை பிழைத்துக்கொண்டது. நீலம் பாரித்த அதன் பாதங்கள் சிவந்ததை அதன் தகப்பனோடு நின்று நானும் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்று மாலையே செவிலியரைப் பணியிடை நீக்கம் செய்து உத்தரவு வந்தது. குற்றம்: அரசு உடைமைக்குச் சேதம். நான்தான் தவறாகப் படிக்கிறேனோ என்று நகலைத் தங்கையிடம் கொடுத்தேன். படித்தவள், "அண்ணா, அன்னைக்கு இப்படி ஒரு ஆள் டியூட்டியில இருந்திருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போய்விட்டாள்.

5. எனவே, அந்தச் செவிலியரை உடனே பணியில் சேர்க்கவும், வார்மரைப் பிரசவ அறையிலேயே நிறுத்தவும் ஆணையிடுமாறு பணிந்து வேண்டுகிறேன். அடுத்த ஊருக்கு அனுப்ப எங்களிடம் இன்னொரு வார்மர் தயாராக இருக்கிறது. "அங்கயும் பூட்டி வச்சிடுவாங்களா?" என்று சங்கத்தார் தினமும் போனில் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது என்பதைத் தாங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும், ஐயா.

இடம்: தங்கையின் வீடு
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்பார்த்து,
(ஒப்பம்)
செயலாளர்