பழனி ரோட்டில் மூன்றாவது கியர்

தை மாதம், செவ்வாய் இரவு.

காரில் இருந்தது மூன்று பேர்: ஸ்டியரிங்கில் ஓட்டப் பழகும் நான், பக்கத்தில் சொல்லிக்கொடுக்கும் என் வீட்டுக்காரர், பின்சீட்டில் நாத்தனார் செல்வி.

பழனி ரோட்டோரம் பாதயாத்திரைக் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவது கியரில் வண்டி உறுமியது. “கிளட்ச்ச முழுசா மிதி, மூணுக்குத் தள்ளு” என்றார். இன்றைக்குத்தான் முதல்முறையாக மூன்றாவது கியர் உதறாமல் விழுந்தது. அந்தச் சந்தோஷத்தில் நிமிர்ந்தால் எதிரே காவடி. என்னையறியாமல் ஸ்டியரிங்கை விட்டு இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டுவிட்டேன். வண்டி கூட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. அவர் எட்டி ஸ்டியரிங்கை வளைத்தார். நான் பிரேக்கை மிதித்தேன். காவடிக்காரர் காலுக்கும் டயருக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை.

“மதினி, அவங்க நடந்தே முருகன்ட்ட போய்க்கிருவாங்க, நீங்க அனுப்பி வைக்க வேணாம்” என்றாள் செல்வி. அவர் சிரிக்கவில்லை. “இனிமே நீ வண்டியத் தொடாத” என்றவர், தானே வீடுவரை ஓட்டிவந்து, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துவிட்டார்.

அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வருகிறது. இன்னும் எத்தனை நாள் ஓட்டுவார்? நத்தம் கடைகளுக்கு நாங்கள் சுடும் முறுக்குப் பெட்டி காரில் போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஓட்டுவதற்குச் சம்பளத்துக்கு ஆள் போட்டால் கட்டுப்படியாகாது, கணக்குப் பார்த்துவிட்டேன்.

முருகா, காலையில் நான் சாவியை எடுக்கவா, வேண்டாமா? விடிவதற்குள் அவர் வாயாலேயே ஒரு பதில் சொல்ல வை.