உலகம்மையின் பித்தளைக் குடம்

செண்பகத்தின் அப்பாவுக்கு,

சோறும் புளிக்குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டு இதைப் படியுங்கள்.

மாற்றலாகிப் போகும் வாத்தியாருக்கு மோதிரம் போட வீட்டுக்கு ஐந்து ரூபாய் என்று வசூலிக்கிறீர்களே, அதற்காக இன்று காலை உலகம்மை பித்தளைக் குடத்தோடு வந்து நின்றாள். இந்த வருஷம் சாரல் இல்லை. குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் அவள் புருஷனுக்கு ஒரு மாதமாக வேலையும் இல்லை.

"அண்ணாச்சி வாசல்ல வந்து கேட்டுட்டாவ. குடுக்கலன்னா வகுப்புல எம்பிள்ளைய ஒரு மாதிரி பாப்பாங்கல்லா? அஞ்சு ரூவாய்க்கு இத வச்சிக்கிடுங்கக்கா" என்றாள். குடத்தை வைத்துவிட்டுப் போயும் விட்டாள். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

நேற்று இந்த வசூலைப் பற்றி நான் வாயைத் திறந்ததும் "பொம்பளைக்கு இதுல என்ன பேச்சு?" என்றீர்கள். அதனால் உங்களைக் கேட்காமலே வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "எனக்கு மோதிரம் வேணும்னு யாரு கேட்டா? வாங்கினதத் திருப்பிக் குடுக்கணும். ஒவ்வொரு வீட்டுக்கும் அண்ணாச்சியோட நானும் வாரேன்" என்றார். நாலு மணிக்கு நம் வீட்டுக்கு வருவார். உங்கள் சட்டையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.

கோபம் இருந்தால் என்னிடம் காட்டுங்கள், அவரிடம் வேண்டாம்.

கோமு

குடத்தைக் கொடுக்கக் கிளம்புகிறேன். முதலில் உலகம்மை வீட்டுக்கே வாருங்கள். நான் அங்கேதான் இருப்பேன், சேர்ந்தே திரும்பலாம்.