அர்கெலாயுவும் எங்கள் ஹாரிஸும்

1977 மார்ச் 4, வெள்ளி

காலையிலிருந்து தூசிக்காற்று. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்தும் அடுப்பு மேடை முழுக்க மண். லெந்து என்னும் தவக்காலத்தின் இரண்டாம் வெள்ளி. ஜெபக்கூட்டம் வழக்கம்போல் நம் வீட்டில். குழந்தைகளோடு இருபத்திரண்டு பேர். டீத்தூள் தீர்ந்தது. சீனியும் அடிமட்டம்.

இரண்டாவது பாட்டிலேயே கதவு தட்டல். கட்டடக் காவல்காரன், இங்கத்து அரபியில் ஹாரிஸ். "மதாம்! சௌத் ஷ்வய்யா!" சத்தத்தைக் குறைக்க வேண்டுமாம். ஜன்னலைச் சாத்திக்கொண்டுதான் பாடுகிறோம். செருப்பை வெளியே விடக்கூடாது என்றான், உள்ளே வைத்தோம். இப்போது இரண்டிரண்டு பேராகத்தான் படியேற வேண்டுமாம். சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுத் தட்டுக்காக நின்றான். சாம்பாரைப் பார்த்துவிட்டு, "தஜாஜ் மாஃபி?" லெந்து நாளில் கோழிக்கு நான் எங்கே போக!

ரூபி அக்கா: "இவன் தலையில கிரீடம் ஒண்ணுதான் பாக்கி." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எரிச்சல்தான்.

அடுத்த வெள்ளி பாடம் என் பொறுப்பு. ஏரோதின் மக்களும் ரோமும். இதுவரை ஆண்கள்தான் பாடம் எடுத்திருக்கிறார்கள். பயமாகவும் இருக்கிறது.

மார்ச் 6, ஞாயிறு

துவைத்த துணி மறுபடி மண். அவர் டூட்டிக்குப் போனதும் குறிப்பெடுக்க உட்கார்ந்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த வேத சரித்திரப் புத்தகம், ஓரமெல்லாம் கரையான்.

— பெரிய ஏரோது செத்ததும் நாடு மூன்று மகன்களுக்கு. யூதேயா அர்கெலாயுவுக்கு. அவனுக்கு ராஜா என்ற பட்டம்கூட இல்லை. பட்டம் தருவது ரோமில் இருக்கும் பேரரசன், இராயன்.
— இந்தச் சின்ன அரசர்கள் வேலை: வரி, ஊர் அமைதி. சத்தம் ரோமுக்குக் கேட்டால் பதவி போச்சு.
— அர்கெலாயு கொடுமைக்காரன். ஜனங்கள் ரோமுக்கே ஆள் அனுப்பிப் புகார். இராயன் அவனை நாடு கடத்தினான்.
— பிறகு ரோமிலிருந்தே நேராக ஒரு தேசாதிபதி. வந்ததும் குடிமதிப்பு, தலைக்கணக்கு.

ஜனங்கள் செய்தது நியாயம் என்று கடைசியில் எழுதினேன். அக்கிரமத்தை எத்தனை நாள் பொறுப்பது?

இரவுச் சாப்பாட்டில் அவரிடம் சொன்னேன், ஹாரிஸைப் பற்றிக் கட்டடத்து வீட்டுக்காரரிடம் போய்ப் பேசலாம் என்று.

"ஏட்டி, பேசாம இரி. அவன் கேக்கது ஒரு தட்டுச் சோறு. குடுத்துட்டுப் போ."

"சோறு இல்லங்க. ஜெபத்துக்கு வாறவங்களக் கள்ளன் மாதிரி ஏத்தி விடுதான்லா."

"அவனுக்கு மேல மட்டும் போவாத."

ரேடியோவைத் திருகினார்.

மார்ச் 8, செவ்வாய்

காற்று அடங்கியது. அவரிடம் சொல்லாமல் போனேன். அச்சுமுறுக்கு ஒரு டப்பா. வீட்டுக்காரர் இல்லை. அவர் மனைவியும் மூத்த மகனும். மகனுக்கு இங்கிலீஷ் தெரியும், என் இங்கிலீஷ் அவனுக்குப் புரிந்தது.

ஹாரிஸ் எங்கள் ஜெபத்துக்கு இடைஞ்சல் செய்கிறான் என்றேன்.

"என்ன ஜெபம்?"

வெள்ளிதோறும் எங்கள் வீட்டில் என்றேன்.

"எத்தனை பேர்?"

இருபத்திரண்டு. குழந்தைகளையும் விடாமல் எண்ணிச் சொன்னேன். கணக்கில் எனக்கு அவ்வளவு பெருமை.

அம்மாவும் மகனும் அரபியில் ஏதோ பேசினார்கள். பிறகு அவன் சொன்னான். ஹாரிஸ் அவர்களிடம் சொல்லி வைத்திருந்தது வேறாம். இந்தியக் குடும்பங்கள், வெள்ளிக்கிழமை விருந்து, பிள்ளைகளின் பிறந்தநாள். வேறொன்றும் இல்லை என்று.

மகன் மரியாதையாக ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தான். "ஹாரிஸ் கலாஸ்," என்றான். அவன் வேலை இங்கே முடிந்தது என்று அர்த்தம்.

செருப்பு உள்ளே. இரண்டிரண்டு பேர். ஷ்வய்யா, ஷ்வய்யா. எல்லாம் எங்கள் ஜெபத்தை மறைத்து வைக்கத்தானா? கர்த்தாவே.

மார்ச் 10, வியாழன்

அரிசி புடைக்கவில்லை. எதிலும் கை ஓடவில்லை.

பிக்கப்பில் ஹாரிஸின் மெத்தையும் பெட்டியும். ஊருக்கு வெளியே வீட்டுக்காரர் கட்டும் சைட்டுக்கு மாற்றமாம். அங்கே தண்ணீரே லாரியில்தான். படியில் என்னைப் பார்த்து, "லேஷ், மதாம்?" ஏன் என்று கேட்கிறான். அந்த அளவு அரபி எனக்குத் தெரியும். தெரியாதவள்போல் நின்றேன்.

மத்தியானம் சுவரில் ஒரு தாள். கட்டடத்தில் கூட்டம் கூடாது. விருந்தாளிகள் கீழே பெயர் எழுத வேண்டும்.

அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். "சொன்னம்லா" என்றுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

மார்ச் 11, வெள்ளி

பாதிப் பேர் வீட்டில் போன் இல்லை. கீழே நின்று ஒவ்வொரு குடும்பமாகத் திருப்பி அனுப்பினேன். பின்னால் படியடியில் வீட்டுக்காரர் மகன், நாற்காலி போட்டு, கையில் பேனா.

ரூபி அக்கா: "இவங்ககிட்ட யாருடி போய்ச் சொன்னது?"

"நாந்தான் அக்கா."

"நீயா! அடுத்த வெள்ளிக்கு நாங்க எங்க போறது?"

அக்கா இருக்கும் கட்டடத்தில் இரண்டு பேர் வந்தாலே கேள்வி. அக்கா பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அவர், நான், மகள், மூன்று பேர் மட்டும். பாட்டு எடுக்கவில்லை. எழுதியதை வாசித்தேன். "ஜனங்கள் செய்தது நியாயம்" வந்ததும் நிறுத்திவிட்டேன்.

மகள் விடவில்லை. "மம்மி, அந்த பேட் கிங்கையே திருப்பித் தாங்கன்னு யாரும் போய் ஆஸ்க் பண்ணலையா?"

புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றேன். போயிருக்க மாட்டார்கள். எந்த முகத்தோடு போவார்கள்.