உருளைமேல் நின்ற பஸ்

அண்ணே,

இன்று காலை எதிர்வீட்டார் புது மோட்டார் கார் வாங்கி வந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய வாடை என் அறைவரை வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

பஸ் கம்பெனிப் பட்டறையில், சீமையிலிருந்து வந்த அந்தச் சோதனை இயந்திரத்தைப் பள்ளம் தோண்டிப் பதித்தவர் நீங்கள். பின்சக்கரங்கள் இரும்பு உருளைகள்மேல் நிற்கும். வண்டி இருந்த இடத்திலேயே ஓடும். இஞ்சினின் பலத்தை முள் காட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு எல்லாம் விளக்கினீர்கள். பின்னால் தரை வளையத்தில் சங்கிலி, முன்சக்கரங்களுக்கு மரக்கட்டை, புகை வெளியேறக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். "ஓடுற வண்டிக்கு முன்னால சாமியே நின்னாலும் தள்ளி நிக்கச் சொல்லணும்" என்பீர்கள்.

பினாங்கிலேயே இதுதான் முதல் இயந்திரம் என்று முதலாளி பெருமையடித்து, அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்தும் படகேறி வர ஆட்களை அழைத்திருந்தார். திறப்பு விழாவன்று, உருளைமேல் ஏற்றி நிறுத்திய பஸ்ஸின் முன்சக்கரத்தடியில் பழம் வைப்பதற்காகக் கட்டைகளை எடுக்கச் சொன்னார். பழத்தட்டு என் கையில்தான் இருந்தது. நீங்கள் அருகே வந்து, "நான் சொன்னா கேக்க மாட்டாரு. டீச்சர்னு உனக்கு மரியாதை குடுப்பாரு, நீ சொல்லு பாப்பா" என்றீர்கள். பெரிய மனிதர்கள் நடுவே தடை சொல்ல எனக்குக் கூச்சம். "ஒரு நிமிஷந்தானே, அண்ணே" என்றேன். கல்லூரியில் படித்த வாய்.

டிரைவர் கிளப்பினார். பின்சக்கரங்கள் உருளைமேல் சுற்றின. வண்டி நகரவில்லை, பழமும் நசுங்கவில்லை. அங்கே வண்டி நகரக்கூடாது என்பதே ஏற்பாடு. கூட்டத்தில் ஒருவர், பழம் முதலாளியைவிடக் கெட்டி என்று சிரித்தார். முதலாளியின் முகம் கறுத்தது. சங்கிலிதான் இழுத்துப் பிடிக்கிறது என்று அதையும் கழற்றவைத்தார்.

"நல்லா எண்ணெய அமுக்குலா" என்றார் டிரைவரிடம், ஆக்ஸிலரேட்டரைக் காட்டி.

தட்டோடு வண்டிக்கு முன்னால் நின்றிருந்த என்னை ஓடிவந்து தள்ளினீர்கள். பஸ் உருளையைவிட்டுப் பாய்ந்தது.

நீங்கள் கிடந்த இடத்தைப் பார்க்குமுன் முதலாளி சக்கரத்தடியைப் பார்த்தார். "பழம்தான் நசுங்கிருச்சே, அப்புறம் ஏன் இப்படி ஆச்சு?" என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். வெளியே பந்தியில் சிலர் அதற்குள் உட்கார்ந்துவிட்டிருந்தார்கள்.

விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரியிடம், கட்டை வைக்க நீங்கள் மறந்துவிட்டதாக முதலாளி சொன்னார். அதிகாரி என் பக்கம் திரும்பினார். முதலாளி எங்கள் பள்ளிக்கூடக் கமிட்டியில் இருந்தவர். நான் தலையாட்டினேன்.

பட்டறையில் புதிதாகச் சேருகிறவர்களிடம், கட்டை வைக்க மறந்து செத்தவர் என்று இன்றும் உங்கள் பெயரைச் சொல்லித்தான் வேலை பழக்குகிறார்களாம்.

முதலாளி போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அவரை நினைத்து அருவருப்பது இத்தனை காலம் எனக்கு வசதியாக இருந்தது. இனி அந்த வசதியும் இல்லை. ஆட்டிய இந்தத் தலையைத்தான் தினமும் காலையில் வாரிப் பின்னி, பூ வைத்து, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிறேன்.