யெஃபீம் லுகிச்சின் வலது கை

கலினின்கிராத், ஏப்ரல் 14

அன்பு மகள் ரிம்மாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. அப்பாவின் முழங்காலைத் தவிர இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, விளாதிவஸ்தோக்கில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தை ஆல்யாவும் அதைவிடச் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். குழந்தையின் படம் வந்தது. காது அப்படியே அப்பாவின் காது, அதைப் பார்த்ததிலிருந்து மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை, மாடியில் எல்லா வீட்டுக்கும் கொண்டுபோய்க் காட்டிவிட்டார்.

சம்பந்தியம்மா தொழிற்சாலையில் என்னதான் செய்கிறாள் என்று உன் மாமியார் கேட்டாராமே. ராக்கெட் செய்கிறாள் என்று பீற்றிவைக்காதே. மேலே போன பிறகு செயற்கைக்கோளைத் தள்ளுகிற அயனி இயந்திரம்தான் நாங்கள் செய்வது. செனான் வாயுவை மின்சாரத்தால் அயனியாக்கி அதிவேகமாகப் பின்னால் துப்பும். தள்ளுவது என்னவோ ஒரு காகிதத்தின் கனம்தான், ஆனால் மறிக்க அங்கே காற்றுகூட இல்லையே, மாதக்கணக்கில் விடாமல் தள்ளினால் எதுவும் நகர்ந்துதான் ஆக வேண்டும். அதனால் இங்கேயும் காற்றை உறிஞ்சிய இரும்புத் தொட்டிக்குள் அதை வைத்து மாதக்கணக்கில் எரியவிட்டுப் பார்ப்போம். வட்டக் கண்ணாடி வழியாக ஊதா வெளிச்சம் மட்டும் அசையாமல் தெரியும். இயந்திரத்தைப் பொருத்துவதும், பிறகு அதன் முன்னால் பகல் முழுக்க உட்கார்ந்து பதிவேடு எழுதுவதும் என் வேலை.

யெஃபீம் லுகிச் இறந்ததை எழுதியிருந்தேன், எப்படி என்று எழுதவில்லை. எங்கள் சோதனைக்கூடப் பொறியாளர், டிசம்பரில் இந்தத் தொட்டியை மூடியவர் அவர்தான். ஜனவரியில் காயலில் உறைபனி மேல் தூண்டில் போட உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு மணி நேரம் பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவன் சிகரெட்டுக்கு நெருப்புக் கேட்டுப் பதில் வராமல், "வாயத் தொறந்தா மீன் ஓடிடுமாய்யா?" என்று திட்டிவிட்டுப் போயிருக்கிறான்.

அதற்கு மூன்று வாரம் கழித்து, என்னோடு பகல் முறையில் இருக்கும் ல்யூஸ்யா கண்ணாடி முன்னால் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. அயனிகள் மோதித் தொட்டியின் இரும்பு தேய்ந்து, அந்தத் தூசி கண்ணாடியின் உட்பக்கம் கறுப்பாகப் படிவது வழக்கம்தான். அந்தக் கறுப்புக்குள் ஒரு கை இருந்தது ரிம்மா. உள்ளங்கையும் விரல்களும் மட்டும் கறுக்காமல், அதன் வழியாக ஊதா வெளிச்சம் வந்தது. மோதிர விரலில் மேல் கணு இல்லை. கடைசல் இயந்திரத்தில் யெஃபீம் லுகிச் இழந்த கணு. ல்யூஸ்யா சிலுவை போட்டுக்கொண்டாள். "நினெல் பாவ்லவ்னா, அவரு உள்ளயிருந்து தள்ளுறாருங்க" என்றாள். மறுநாளிலிருந்து விடுப்பு.

தலைமைப் பொறியாளர் பார்ஷெவ் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேயுமில்ல, பிசாசுமில்ல. வெறுங்கையால கண்ணாடியத் தொட்டிருக்காரு. எண்ணெய்ப் பிசுக்கு இருக்கற எடத்துல படலம் ஒட்டாது, உரிஞ்சுடும்" என்றார். எனக்கு அதன் பிறகுதான் பயமே வந்தது. கண்ணாடியைச் சாராயத்தால் கடைசியாகத் துடைத்தவள் நான். அப்புறம் யாரும் உள்ளே போகக் கூடாது, போனால் எழுதிவைக்க வேண்டும். அவர் போயிருக்கிறார், எழுதவில்லை. பார்ஷெவுக்கும் சிரிப்பு நின்றுவிட்டது. "எதைத் தொட்டாரோ யாருக்குத் தெரியும், இத்தனை மாச வேலையும் குப்பைதான். பழியெல்லாம் அவரு பேருலதான் எழுதணும், செத்ததும் கூடத்துச் சுவருல மாட்டின அவரு படத்தையும் கழட்டணும்" என்றார்.

தொட்டியை மூடிய அன்றுதான் ஆல்யா பிறந்த தந்தி வந்தது. கண்ணாடியை மட்டும் அவசரமாகத் துடைத்துவிட்டு, பதில் தந்தி கொடுக்கப் போட்டது போட்டபடி தபால் நிலையத்துக்கு ஓடினேன். இயந்திரத்தின் பக்கத்தில் சிறு குழாய் ஒன்று இருக்கும், அதன் திருகுகள் கழன்றுவிடாமல் கம்பி கோத்து முறுக்க வேண்டும். கோத்தது ஞாபகம் இருந்தது, முறுக்கியது ஞாபகம் இல்லை. இதை யாரிடம் சொல்ல? ஏழு வாரம் அந்தக் கையின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தேன். சுற்றிலும் கறுக்கக் கறுக்க அது இன்னும் பளிச்சென்று ஆனது. ஒருநாள் விரல்கள் முந்தின நாளைவிட விரிந்திருந்தன. ஓரத்தில் படலம் உரிந்திருக்கும், அது எனக்கும் தெரியும், ஆனாலும் நாற்காலியைப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் கடைசியில் திறந்தார்கள். இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை. கம்பி முறுக்கியிருந்தது, ஆனால் எதிர்ப்பக்கமாக. எங்களில் இடதுகைக்காரர் அவர் ஒருவர்தான். வலது கையைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு இடது கையால் முறுக்கியிருக்கிறார். பார்ஷெவ் கவனிக்கவில்லை, "கம்பி சரியாத்தான் இருக்கு" என்று அடுத்ததைப் பார்க்கப் போனார். நான் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. "அது நான் முறுக்கினதில்ல. நான் விட்டுட்டு ஓடினேன், அவரு உள்ள போய்ச் சரி பண்ணியிருக்காரு" என்றேன். சோதனையை ஏற்றுக்கொண்டார்கள், படம் சுவரிலேயே இருக்கிறது, என்னைப் பொருத்தும் மேசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது பதிவேடு மட்டும்தான். உன் தந்தியால்தான் என்று அங்கே உட்கார்ந்து அழாதே, தப்பு என்னுடையது.

எப்படியும் மாற்ற வேண்டிய கண்ணாடிதான் என்று அதை அவர் மனைவி காப்பாவிடமே கொடுத்துவிட்டார்கள். சமையலறை ஜன்னலில் பதித்திருக்கிறாள். போன ஞாயிறு மதியம் மன்னிப்புக் கேட்கப் போனேன். தேநீரும் புகைபோட்ட மீனும் வைத்தாள். நான் ஆரம்பிப்பதற்குள், "தெரியும்டி. நினெல் பாட்டியாயிட்டா, சந்தோஷத்துல கம்பிய மறந்துட்டான்னு அன்னைக்கே வந்து சொல்லிச் சிரிச்சாரு" என்றாள். அவர் படத்தைக் கழட்டப் போகிறார்கள் என்று தெரிந்துமா பேசாமல் இருந்தாய் என்று கேட்டேன். "நீயா சொல்றியான்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள், குரலில் கோபம்கூட இல்லை. அப்போது வெயில் சாய்ந்து, கண்ணாடியின் நிழல் மேசை விரிப்பில் வட்டமாக விழுந்தது. நடுவில் வெளிச்சத்தால் ஆன கை. அது மெதுவாக ரொட்டித் தட்டைத் தாண்டி, சர்க்கரையைத் தாண்டி, என் பக்கம் வந்துகொண்டே இருந்தது. காப்பா அதைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தேன். அது என் கோப்பையைத் தொட்டபோது நானே என் கையை அதன் அடியில் வைத்தேன். இளஞ்சூடாக இருந்தது. வெயில்தான், வேறென்ன.

மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. குழந்தை நோய்நொடி இல்லாமல் வளரட்டும், உன் வீட்டில் சிரிப்புச் சத்தம் குறையாமல் இருக்கட்டும். ஆல்யாவின் பாத அளவை ஒரு தாளில் வரைந்து மறக்காமல் அனுப்பு, கம்பளிக் காலுறை பின்ன வேண்டும். இதை அப்பாவுக்குப் படித்துக் காட்டவில்லை, பதில் எழுதும்போது பார்த்து எழுது.

உன்னை முத்தமிடும்
அம்மா நினெல்